கார்டு புதுசு, திரை பழசு: ஒரு மானிட்டர் வாங்கிய கணக்கு

தீபாவளி போனஸ்ல அக்கா பையன் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினான். ஆர்டிஎக்ஸ் 4060. அதுக்கு அடுத்த தலைமுறையான 5060 வந்துட்டதால, பழைய ஸ்டாக்னு விலை குறைச்சுக் கொடுத்தாங்களாம். ஒரு வாரம் கழிச்சு போன் பண்ணினான்.

"மாமா, இத்தன காசு போட்டும் ஒண்ணும் வித்தியாசமே தெரியலீங்க. கார்டுல ஏதாச்சும் கோளாறா இருக்குமுங்களா?"

"உன்ற மானிட்டர் எது மாப்ளே?"

"பழசேதானுங்க."

கோளாறு கார்டுல இல்லை. பழைய மானிட்டர் இருபத்தொன்றரை இன்ச், 1080பி, 60 ஹெர்ட்ஸ். கார்டு ஒரு விநாடிக்கு 150 படம் வரைஞ்சு கொடுத்தாலும் அந்தத் திரை 60 தடவைதான் புதுப்பிக்கும். மிச்சம் முழுசா கண்ணுக்கு வராது. சில சமயம் ரெண்டு படம் பாதி பாதியாச் சேர்ந்து, நடுவுல கிழிஞ்ச மாதிரி ஒரு கோடு தெரியும். பட்டன் அமுக்கினதுக்கும் திரையில நடக்கிறதுக்கும் இடையில உள்ள தாமதம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். வண்டியில ஒரு பக்கம் இளங்காளை, இன்னொரு பக்கம் கிழட்டு மாடு பூட்டின கதை.

சரி, மானிட்டர் வாங்கணும். எது? ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. கடையில "4கே எடுத்துருங்க, பின்னாடி மாத்தவே வேண்டாம்"னு சொல்லியிருக்காங்க. கூட விளையாடற பசங்க "240 ஹெர்ட்ஸ் இல்லாம வாங்காதே"ன்னாங்க. கையில இருக்கிறதோ ஒரே ஒரு மானிட்டருக்கான காசு. இன்னொரு விஷயமும் இருக்கு: பையன் பகல்ல ஜவுளி டிசைன் வேலை பார்க்கிறான். பெட்ஷீட், தலையணை உறைக்கான பிரிண்ட் டிசைன்கள் வீட்டிலிருந்தே போட்டுக் கொடுக்கிறான். ராத்திரி ரெண்டு மணி நேரம் விளையாட்டு, பகல்ல எட்டு மணி நேரம் வேலை, ரெண்டும் அதே திரையில. தப்பா வாங்கினா பாதிப்பு விளையாட்டோட நிக்காது.

ரெண்டு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அந்தக் குறிப்புகள்தான் இது.

முதல்ல புள்ளிக் கணக்கு

திரையில இருக்கிற ஒவ்வொரு புள்ளிக்கும் கார்டு நிறம் கணக்குப் போடணும். 1080பி திரையில 1920 × 1080, அதாவது சுமார் 20.7 லட்சம் புள்ளி. 1440பி திரையில 2560 × 1440, சுமார் 36.9 லட்சம். 4கே திரையில 3840 × 2160, சுமார் 82.9 லட்சம்.

1080பியிலிருந்து 1440பிக்குப் போனா வேலை 1.78 மடங்கு. 4கேக்குப் போனா நாலு மடங்கு. இதை ஹெர்ட்ஸோட பெருக்கினாத்தான் முழுச் சுமை தெரியும். விநாடிக்கு 144 படம்னு வெச்சுக்கிட்டா, 1080பிக்கு சுமார் 30 கோடி புள்ளி, 1440பிக்கு 53 கோடி, 4கேக்கு 119 கோடி.

புள்ளி ரெண்டு மடங்கானா வேகம் சரிபாதியாக் குறையும்னு சொல்ல முடியாது. விளையாட்டுல சில வேலைகள் திரையின் அளவைப் பொறுத்தது இல்லை. எதிரி எங்க நிக்கிறான், கதவு திறந்ததா மூடினதாங்கிற கணக்கெல்லாம் பிராசஸர் வேலை. ஆனா புதுசா வர்ற, அழகா இருக்கிற பெரிய விளையாட்டுகள்ல சுமை பெரும்பாலும் கார்டு மேலதான். 4060ல இருக்கிறது 8 ஜிபி மெமரி. இன்னைய பெரிய விளையாட்டுகளை 4கேல, உயர்ந்த செட்டிங்ல ஓட்ட அது போதாது. கடைக்காரர் யோசனை அங்கேயே அடிபட்டுப் போச்சு.

வாங்கும் முன்னே ஓட்டிப் பார்க்கலாம்

பல பேருக்குத் தெரியாத ஒரு வசதி இருக்கு. புது மானிட்டர் வாங்காமலேயே, அது கார்டுக்கு எவ்வளவு சுமை கொடுக்கும்னு பழைய மானிட்டர்லயே பார்த்துடலாம்.

என்விடியா கண்ட்ரோல் பேனல்ல டிஎஸ்ஆர்னு ஒரு அமைப்பு உண்டு. அதுல 1.78 மடங்கைத் தேர்ந்தெடுத்தா, 1080பி மானிட்டர் வெச்சிருக்கிறவங்களுக்கும் விளையாட்டுக்குள்ள 2560 × 1440 காட்டும். கார்டு உண்மையிலேயே 1440பிக்கு வரைஞ்சு, அதைச் சுருக்கித் திரைக்கு அனுப்பும். 4 மடங்கு தேர்ந்தெடுத்தா 4கே. ஏஎம்டி கார்டுல இதே வேலைக்கு விர்ச்சுவல் சூப்பர் ரெசல்யூஷன்னு பேரு. படத்தோட தெளிவு புது மானிட்டர் மாதிரி இருக்காது, ஆனா வேகம் கிட்டத்தட்ட அதேதான். எஃப்பிஎஸ் எண்ணை மூலையில காட்டுற வசதி ஸ்டீம்லயே இருக்கு.

பையன் அதிகமா ஆடறது ரெண்டு: வேலரண்ட், சைபர்பங்க் 2077. ஒரு ராத்திரி முழுக்க ஓட்டி நோட்டுல எழுதினான். வேலரண்ட் 1080பியில 250க்கு மேல. 1440பியிலும் 200க்குக் கீழ இறங்கலை. சைபர்பங்க் 1080பி அல்ட்ராவில், ரே டிரேஸிங் இல்லாம, 70ஐ ஒட்டி. அதே செட்டிங் 1440பியில 45ஐ ஒட்டி. 4கேல படக்காட்சி ஒண்ணொண்ணா நகர்ற மாதிரிதான்.

இந்த நாலு வரி கையில இருந்தா கடையில யார் என்ன சொன்னாலும் குழப்பம் வராது. ஊர்ல யாரோ போட்ட யூடியூப் வீடியோ எண்ணைவிட, உங்க பிராசஸர், உங்க ரேம், உங்க ஏப்ரல் மாசச் சூட்டுல வர்ற எண்தான் உங்களுக்கு உதவும்.

டிஎல்எஸ்எஸ் கணக்கை மாத்துது

45 எஃப்பிஎஸ்னா 1440பி வேண்டாம்னுதான் முதல்ல நினைச்சோம். அப்புறம் டிஎல்எஸ்எஸ் போட்டுப் பார்த்தோம். கார்டு குறைஞ்ச புள்ளியில படத்தை வரைஞ்சு, பயிற்சி பெற்ற ஒரு நியூரல் நெட்வொர்க் மூலமா பெருசாக்கிக் கொடுக்கிறது இது. 2018ல ஆர்டிஎக்ஸ் 20 வரிசையோட வந்தப்ப படம் மங்கலா இருந்து கேலி வாங்கினது. இப்ப நல்லா தேறிடுச்சு.

1440பி மானிட்டர்ல குவாலிட்டி மோடு போட்டா, உள்ளுக்குள்ள வரையறது சுமார் 1707 × 960. அதாவது 16.4 லட்சம் புள்ளி. 1080பியோட 20.7 லட்சத்தைவிடக் குறைவு! பெருசாக்கிற வேலைக்குக் கொஞ்சம் நேரம் போகும். அது போகவும் சைபர்பங்க் 65ஐத் தாண்டிப் போச்சு. 1080பியில நேரடியா வரைஞ்ச வேகத்துக்குப் பக்கத்துல வந்துடுச்சு, படம் அதைவிடத் தெளிவா.

இதே டிஎல்எஸ்எஸ்ஸை 1080பி மானிட்டர்ல குவாலிட்டி மோடுல போட்டா உள்ளே வரையறது 1280 × 720தான். கூட்டிக் காட்ட அதுகிட்ட சரக்கு கம்மி. அதனால இந்தத் தொழில்நுட்பத்தால அதிகப் பலன் 1440பிக்கும் அதுக்கு மேலயும்தான்.

ஹெர்ட்ஸ்: எங்க நிறுத்தறது?

எண்ணா பார்க்காம நேரமாப் பாருங்க. 60 ஹெர்ட்ஸ்ல ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில 16.7 மில்லிசெகண்ட். 144ல 6.9. 240ல 4.2. 360ல 2.8.

60லிருந்து 144க்கு வர்றப்ப ஒவ்வொரு படத்துக்கும் கிட்டத்தட்ட பத்து மில்லிசெகண்ட் மிச்சம். மவுஸை நகர்த்தின உடனேயே யாருக்கும் தெரியும். 144லிருந்து 240க்குப் போனா மிச்சம் 2.8தான். அதுக்கும் மேல 360க்குப் போனா 1.4. போட்டிக்கு ஆடறவங்களுக்கு அந்த ரெண்டு மில்லிசெகண்டும் காசுதான், மறுக்கலை. ராத்திரி சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் ஆடறவனுக்கு முதல் பத்து போதும்.

இங்க இன்னொரு சிக்கல். வேலரண்ட் 200க்கு மேல ஓடுது, சைபர்பங்க் 65. ரெண்டுக்கும் ஒரே திரை எப்படிப் பொருந்தும்? இதுக்குத்தான் மாறும் புதுப்பிப்பு வேகம் வந்தது. கார்டு படம் முடிக்கிற நேரத்துக்கு ஏத்த மாதிரி திரையே தன் வேகத்தை மாத்திக்கும். கிழிசல் கோடு வராது. என்விடியா 2013ல ஜி-சிங்க்னு அறிவிச்சது, அதுக்கு மானிட்டருக்குள்ள தனி வன்பொருள் வேணும், விலை அதிகம். ஏஎம்டி ஃப்ரீசிங்க்னு கொண்டுவந்தது பொதுத் தரத்தை வெச்சு. 2019 ஜனவரியில என்விடியாவும் அந்தப் பொதுத் தரத்து மானிட்டர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. அதனால இன்னைக்கு என்விடியா கார்டுக்கு ஃப்ரீசிங்க் மானிட்டர் வாங்கலாமான்னு பயப்படத் தேவையில்லை. 'ஜி-சிங்க் கம்பேட்டிபிள்'னு என்விடியா சோதிச்ச பட்டியல்ல இருந்தா இன்னும் நிம்மதி.

பார்க்க வேண்டியது, அந்த வசதி எந்த ஹெர்ட்ஸ்ல தொடங்குதுன்னு. 48லிருந்து 165 வரைன்னு இருந்தா, வேகம் 40க்கு இறங்கினாலும் ஒவ்வொரு படத்தையும் ரெண்டு தடவை காட்டி 80ல ஓட்டிச் சமாளிக்கும். மேல் எல்லை கீழ் எல்லையைப்போல ரெண்டு மடங்குக்கு மேல இருந்தாத்தான் இந்த உத்தி நடக்கும்.

இன்ச்சும் புள்ளியும்: நூல்காரங்களுக்குப் புரியற கணக்கு

ஈரோட்டுக்காரங்களுக்கு இதைச் சொல்றது சுலபம். துணியோட தரத்தை அங்குலத்துக்கு எத்தனை இழைன்னு பார்க்கிறோம் இல்லையா, திரைக்கும் அதே கணக்கு: அங்குலத்துக்கு எத்தனை புள்ளி. பவானி ஜமக்காளம் மொத்த நூல்; தரையில விரிச்சு தூரத்திலிருந்து பார்க்கிறதுக்கு அழகு. நூறாம் நம்பர் நூல் வேட்டியைக் கிட்டத்துல பார்த்தாலும் இழை தெரியாது. மானிட்டரை ரெண்டடி தூரத்துல வெச்சுப் பார்க்கிறோம்.

பையனோட பழைய இருபத்தொன்றரை இன்ச் 1080பி திரையில அங்குலத்துக்கு 102 புள்ளி. அவன் முதல்ல ஆசைப்பட்டது 27 இன்ச், 1080பி, 240 ஹெர்ட்ஸ். அதுல 82தான்! புதுசு வாங்கி, எழுத்து பழசைவிடச் சொரசொரன்னு தெரிஞ்சிருக்கும். 24 இன்ச் 1080பியில 92. 27 இன்ச் 1440பியில 109. 32 இன்ச் 1440பியில மறுபடி 92. 27 இன்ச் 4கேல 163. அவ்வளவு நுணுக்கம் வந்தா எழுத்து சின்னதாயிடும், விண்டோஸ்ல 150 சதவீதம் பெருசாக்கித்தான் வேலை பார்க்கணும்.

டிசைன் வேலைக்கு 27 இன்ச் 1440பி பொருந்துச்சு. பூவோட ஓரக் கோட்டை பெருசாக்காமயே பார்க்க முடியுது, பக்கத்துல டூல் பட்டியலுக்கும் இடம் இருக்கு.

ஒரு எச்சரிக்கை: 1440பி மானிட்டர்ல 1080பி ஓட்டினா மங்கலாத் தெரியும். ஒரு புள்ளியை 1.33 புள்ளியா விரிக்கணும், அது சரியா உட்காராது. வேகம் வேணும்னா ரெசல்யூஷனைக் குறைக்காம, டிஎல்எஸ்எஸ் போடுங்க, இல்லேன்னா நிழல், பிரதிபலிப்பு மாதிரி செட்டிங்கைக் குறைங்க.

பேனல் எது?

மூணு வகைதான் இப்ப பேச்சு. விஏ பேனல்ல கறுப்பு நல்ல கறுப்பு. கான்ட்ராஸ்ட் 3000க்கு 1 அளவில் வரும், ஐபிஎஸ்ல 1000க்கு 1தான். ஆனா விலை குறைஞ்ச விஏல இருட்டான காட்சி வேகமா நகர்ந்தா பின்னாடி மை இழுத்த மாதிரி ஒரு தடம் விழும். பக்கவாட்டுல இருந்து பார்த்தா நிறமும் மாறும். ஓஎல்இடி எல்லாத்துலயும் மேல, வேகத்துல அதை அடிச்சுக்க ஆளில்லை. ஆனா ஒரே டூல் பட்டியல் எட்டு மணி நேரம் ஒரே இடத்துல நின்னா அந்த இடம் தேஞ்சு தழும்பு விழற ஆபத்து இருக்கு. விளையாட்டுக்கு மட்டும்னா யோசிக்கலாம், டிசைன் வேலைக்கு வேண்டாம்னு விட்டோம்.

மிச்சம் ஐபிஎஸ். அதுல எஸ்ஆர்ஜிபி நிறப்பரப்பு முழுசா வருதான்னு பார்த்தோம். கூடவே எஸ்ஆர்ஜிபி மோடுன்னு ஒண்ணு மெனுவுல இருக்கான்னும் பார்த்தோம். இன்னைய கேமிங் மானிட்டர் பலதும் அதைவிட அகலமான நிறத்தைக் காட்டும். விளையாட்டுல பளிச்சுனு இருக்கும், டிசைன்ல ஏமாத்தும். திரையில பார்த்த சிவப்பு ஒண்ணு, துணியில விழுந்த சிவப்பு ஒண்ணுன்னு ஆகி, பார்ட்டி சரக்கைத் திருப்பினா நஷ்டம் யாருக்கு? மோடு இருந்தாலும் சாம்பிள் துணி அடிச்சுப் பார்க்காம முடிவு பண்ணக் கூடாது, அது வேற.

பெட்டி மேல இருக்கிற ரெண்டு வார்த்தையை நம்பாதீங்க. '1 மில்லிசெகண்ட்'ங்கிறது பெரும்பாலும் நிஜத்துல யாரும் வெச்சுக்காத உச்ச அமைப்புல வந்த எண். அந்த அமைப்புல நகர்ற பொருளுக்குப் பின்னாடி வெளிறிய நிழல் விழும். 'எச்டிஆர் 400'ங்கிறதும் அப்படித்தான். பின்னொளியைப் பகுதி பகுதியா மங்கவைக்கிற வசதி அதுக்குக் கட்டாயம் இல்லை, அதனால பெரிய மாற்றம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

விலையில ஒரு வரி

32 இன்ச் வரைக்கும் மானிட்டருக்கு ஜிஎஸ்டி 2019 ஜனவரியிலிருந்தே 18 சதவீதம். அதுக்கு மேல 28ஆ இருந்தது. 2025 செப்டம்பர் 22லிருந்து அதுவும் 18 ஆயிடுச்சு. 34 இன்ச் அகலத்திரை பார்க்கிறவங்களுக்குத்தான் இதுல லாபம். அதுல 3440 × 1440, சுமார் 49.5 லட்சம் புள்ளிங்கிறதை மட்டும் மறக்காதீங்க. 4060க்கு அது கூடுதல் பாரம்.

வந்த பிறகு செய்ய வேண்டியது

கடைசியில எடுத்தது 27 இன்ச், 1440பி, ஐபிஎஸ், 165 ஹெர்ட்ஸ். பெட்டியைப் பிரிச்சு மாட்டிட்டு மறுபடி போன்: "மாமா, இதுலயும் அப்படியேதானுங்க இருக்குது!"

நேர்ல போய்ப் பார்த்தா, விண்டோஸ் 60 ஹெர்ட்ஸ்லயே நிக்குது. காசு கொடுத்து வாங்கி இப்படி 60லயே வருஷக்கணக்கா ஓட்டறவங்க நிறைய. அதனால வரிசையா:

1. கேபிளைக் கிராஃபிக்ஸ் கார்டுல சொருகுங்க, மதர்போர்டுல இல்லை. டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் இருந்தா அதையே போடுங்க.
2. விண்டோஸ்ல டிஸ்ப்ளே செட்டிங், அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய் ஹெர்ட்ஸை உச்சத்துக்கு மாத்துங்க.
3. மானிட்டரோட சொந்த மெனுவுல ஃப்ரீசிங்க் அல்லது அடாப்டிவ் சிங்க்கை ஆன் பண்ணிட்டு, அப்புறம் என்விடியா பேனல்ல ஜி-சிங்க்கை ஆன் பண்ணுங்க. ரெண்டு இடத்துலயும் வேணும்.
4. எஃப்பிஎஸ்ஸுக்கு உச்ச வரம்பு வைங்க, மானிட்டர் ஹெர்ட்ஸுக்கு மூணு நாலு கீழ. 165க்கு 161. வேலரண்ட் சும்மா 250ல ஓடி ரூமைச் சூடாக்க வேண்டியதில்லை. சித்திரை வெயில்ல இதோட அருமை தெரியும்.
5. வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம்னு முழுத்திரை நிறம் போட்டு செத்த புள்ளி இருக்கான்னு முதல் நாளே பாருங்க. திருப்பிக் கொடுக்கிற கெடு முடிஞ்ச பிறகு, ஒண்ணு ரெண்டு புள்ளிக்குப் பல கம்பெனி மாத்தித் தராது.

உங்களுக்கு எது?

அவனுக்குச் சரியானது உங்களுக்குச் சரியா இருக்கணும்னு இல்லை. அதே 4060 வெச்சு வேலரண்ட் மட்டும் ஆடறவங்களுக்கு 24 இன்ச், 1080பி, 240 ஹெர்ட்ஸ்தான் நியாயம். வேற எதுக்கும் காசு போட வேண்டாம். 5070, 9070 எக்ஸ்டி மாதிரி 12, 16 ஜிபி கார்டு வெச்சிருக்கிறவங்க 1440பியில உயர்ந்த ஹெர்ட்ஸ் எடுக்கலாம். 4கே வேணும்னா 16 ஜிபியும், டிஎல்எஸ்எஸ் இல்லேன்னா எஃப்எஸ்ஆர் போட மனசும் வேணும்.

எதுவானாலும் வரிசை ஒண்ணுதான். எந்த விளையாட்டு, வேற என்ன வேலைன்னு முதல்ல. டிஎஸ்ஆர் போட்டு ஒரு ராத்திரி ஓட்டி எண்ணை எழுதறது ரெண்டாவது. அப்புறம் ரெசல்யூஷன், அதுக்கேத்த இன்ச், அப்புறம் ஹெர்ட்ஸ், கடைசியா பேனல். கடையில இதைத் தலைகீழா, ஹெர்ட்ஸ்லயிருந்து ஆரம்பிச்சுச் சொல்லுவாங்க.

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போனப்ப பையன் சைபர்பங்க் ஆடிட்டு இருந்தான், திரும்பிக்கூடப் பார்க்கலை. அக்காதான் சொன்னா: "இப்பெல்லாம் டிசைனைப் பெருசாக்கிப் பெருசாக்கிப் பார்க்கறதில்ல. கண்ணு வலிக்குதுன்னு சொல்றதும் நின்னு போச்சு." கேமிங் மானிட்டர் தேடப் போய் அதுவும் கிடைச்சது.